மிஞ்சிறைச் சபையும் நம் ஊர்க் கூட்டமும்

கூடுதல் மனிதர்க்கு இயல்பு. கூடிப் பேசியதை எழுதி வைத்தல் நாகரிகம். நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளாகக் கூடி வருகிறது. கவிதை படிக்கிறோம்; குறை நிறை சொல்கிறோம்; சில வேளைகளில் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறோம்; அடுத்த கூட்டத்திற்குத் தவறாமல் வந்துவிடுகிறோம். இம்மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டபோது, நாம் கூடும் இவ்வூரில் வேறு என்னென்ன கூட்டங்கள் கூடுகின்றன என்ற எண்ணமே எனக்கு முதலில் எழுந்தது. பேரூராட்சி மன்றம் கூடுகிறது. பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. குடிநீரும், சாலையும், சாக்கடையும், பள்ளிச் சுவரும் அங்கே பேசப்படுகின்றன. நம் கவிதைகளில் வரும் ஊர் இந்த ஊர்தான். ஆயினும் அக்கூட்டங்களின் பக்கம் நம்மில் எத்தனை பேர் சென்றிருப்போம்?

பள்ளிக்கூடமும் ஊர்ச்சபையும் இம்மண்ணில் 1150 ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்புடையவை. அத்தொடர்பைச் சுருக்கமாகக் காண்பதும், அந்நெடிய காலத்தில் யாருடைய சொல் ஏட்டில் ஏறியது, யாருடைய சொல் காற்றோடு போயிற்று என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டயத்தில் ஒரு பள்ளி

புதுக்கடைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்தை நாம் அனைவரும் அறிவோம். அங்குள்ள திருமால் கோயிலையும் அறிவோம். அவ்வூரின் பழம்பெயர் பார்த்திவசேகரபுரம். ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866ஆம் ஆண்டில் வெளியிட்ட செப்பேடு அவ்வூர் பிறந்த கதையைக் கூறுகிறது. பின்னாளில் திருவனந்தபுரம் ஹுசூர் கச்சேரியில் இருந்தமையால் ஹுசூர் அலுவலகச் செப்பேடு என ஆய்வாளர் இதனைக் குறிப்பர். திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் து. அ. கோபிநாதராயர் இதனைப் பதிப்பித்தார்.

செப்பேட்டுச் செய்தி இது. மிஞ்சிறைச் சபையாரிடமிருந்து உழக்குடிவிளை என்னும் நிலத்தை மன்னன் பெறுகிறான். சும்மா பெறவில்லை, மாற்று நிலம் கொடுத்தே பெறுகிறான். அந்நிலத்தில் கோயில் எழுப்பி, ஊருக்குப் பெயரிட்டு, காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கைப் பின்பற்றித் தொண்ணூற்றைந்து சட்டர்க்கு ஒரு சாலையும் நிறுவுகிறான். சட்டர் என்போர் அங்குத் தங்கிப் பயிலும் மாணாக்கர். பவிழிய சரணத்தார்க்கு 45 இடம், தைத்திரியர்க்கு 36, தலவகாரர்க்கு 14 என எண்ணிக்கையும் வகுக்கப்பட்டுள்ளது.

மிஞ்சிறை என்பது இன்றைய முன்சிறை. சிவாலய ஓட்டம் தொடங்கும் திருமலைக் கோயில் அமைந்த அதே ஊர். விளை என்ற சொல்லும் நம் தென்னந்தோப்புகளின் பெயர்களில் இன்றும் வாழ்கிறது. அரசனே ஆனாலும் ஊர்ச்சபையின் நிலத்தை ஈடு கொடுத்தே பெற வேண்டியிருந்தது என்பது இச்செப்பேட்டின் முதற்பாடம். ஒரு பள்ளி எழும்போது ஊர்ச்சபை ஒரு தரப்பாக அமர்ந்திருந்தது என்பது இரண்டாம் பாடம். குடவோலை முறையால் புகழ்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. மிஞ்சிறைச் சபை அவற்றுக்கு அரை நூற்றாண்டு முன்னதாகவே பத்திரத்தில் இடம்பெற்றுவிட்டது.

சாலையின் ஒழுக்க விதிகளும் செப்பேட்டில் உள. ஒருவரையொருவர் இழித்துப் பேசினால் தண்டம். ஆயுதத்தால் தாக்கினால் அதனினும் மிகுந்த தண்டம். கூட்டத்திற்கு ஆயுதம் ஏந்தி வரலாகாது. தங்குமிடத்தில் வெள்ளாட்டிகளை, அதாவது பணிப்பெண்களை, வைத்துக்கொள்ளலாகாது. வகுப்பில் இப்பகுதியை விளக்கும்போது மாணவியர் சிலர் சிரிப்பர். நானும் சிரித்ததுண்டு. பின்னர் ஒருநாள் அச்சிரிப்பு நின்றுவிட்டது. தொண்ணூற்றைந்து இடங்களும் வேதம் ஓதும் ஒரு குலத்து ஆடவர்க்கே உரியவை. உழக்குடிவிளையை உழுதவர் யார், சாலைக்கு நெல் குத்தியவர் யார் எனப் பட்டயம் பேசவில்லை. பெண் அதில் வருவது ஒரு தடைவிதியில் மட்டுமே.

ஓலையில் எழுதிய ஒற்றுமை

நம் பகுதிக்குக் கிழக்கே, தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த பழைய நாஞ்சில் நாட்டில் வேறொரு வகைக் கூட்டம் நிகழ்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மார்த்தாண்டவர்மர் அரியணை ஏறுவதற்கு முன்னர், வரிச்சுமையும் படைவீரர் கொடுமையும் தாங்காத நாட்டார் பலமுறை கூடினர். வரி செலுத்துவதில்லை எனவும், ஒருவர்க்கு வரும் துன்பத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்வது எனவும் முடிவு செய்து ஓலையில் எழுதி வைத்தனர்.

அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் இல்லத்தில் காக்கப்பட்ட ஓலைகள் இச்செய்திகளுக்குப் பெருந்துணை புரிவன. அவற்றின் அருமையை முதலில் உணர்ந்தவர்களுள் தலையாயவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. அண்மைக் காலத்தில் முனைவர் அ. கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்து நம் கைக்கு எட்டச் செய்தார். இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். கூடிய மக்கள் மறைந்தனர். வரி கேட்டவர்களும் மறைந்தனர். தீர்மானத்தை ஓலையில் எழுதிய ஒருவரும், அவ்வோலையைப் பரணில் காத்த ஒரு குடும்பமும், எடுத்துப் படித்த ஒரு கவிஞரும் இருந்தமையால்தான் அக்கூட்டம் நமக்குத் தெரிகிறது.

பள்ளி வாசலும் பிரஜா சபையும்

மக்கள் கல்விக்கான செலவை அரசே ஏற்கும் என ராணி கௌரி பார்வதிபாய் 1817ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டன் மிஷன் ஊழியர் மயிலாடியிலும் நாகர்கோயிலிலும் பள்ளிகளைத் தொடங்கினர். ஆணை அனைவர்க்கும் பொதுவாக இருந்தது. அரசுப் பள்ளியின் வாசல் அவ்வாறு இல்லை. ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகள் அவ்வாசலைக் கடக்க ஒரு நூற்றாண்டு பிடித்தது.

இடையில் இரண்டு மன்றங்கள் தோன்றின. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் திருவனந்தபுரம், நாகர்கோயில், கொல்லம், ஆலப்புழை, கோட்டயம் ஆகிய நகரங்களில் நகர மேம்பாட்டுக் குழுக்கள் அமைந்தன. 1904ஆம் ஆண்டில் ஸ்ரீமூலம் பிரஜா சபை முதன்முறை திருவனந்தபுரத்தில் கூடியது. வட்டந்தோறும் இருந்து வந்த உறுப்பினர் தத்தம் பகுதியின் பாலம், பள்ளி, பாசனம் பற்றிய குறைகளைத் திவான் முன்னிலையில் எடுத்துரைத்தனர். ஆனால் அவர்களை அனுப்பும் உரிமை பெரும்பாலும் நிலவரி செலுத்துவோர்க்கே இருந்தது. நிலமில்லாதார்க்குக் குறை இருந்தது. குறை சொல்ல இடமில்லை.

1911ஆம் ஆண்டில் அச்சபைக்கு அய்யன்காளி நியமிக்கப்பட்டார். நெய்யாற்றின்கரைப் பகுதியின் வெங்ஙானூர் அவருடைய ஊர். அது நம் விளவங்கோட்டு எல்லையிலிருந்து நெடுந்தொலைவன்று. பழைய ஆய் நாட்டின் விழிஞத்திற்கு மிக அருகில் உள்ளது. தாம் எழுதப் படிக்க அறியாதவர் அவர். எனினும் சபையில் எழுப்பிய கோரிக்கைகளுள் தலையாயவை நிலமும் பள்ளியும். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவில்லையெனில் வயலில் இறங்கமாட்டோம் என உழைப்பாளர் வேலைநிறுத்தம் செய்ததும் அவர் தலைமையிலேயே. ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, பள்ளிக்கூடமே கொளுத்தப்பட்டது. அந்நெருப்பில் எஞ்சிய பலகை ஒன்று அப்பள்ளியில் இன்றும் காக்கப்படுகிறது. 866ஆம் ஆண்டின் செப்பேட்டையும் இந்தக் கரிந்த பலகையையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இப்பகுதியின் கல்வி வரலாற்றை எழுத இயலாது என்பது என் துணிபு.

கவிஞர்கள் மிகுந்த நம் வட்டத்திற்காக இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லுதல் தகும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலவிய மருமக்கள் வழிச் சொத்துரிமையால் மனைவியும் மக்களும் பட்ட துயரைக் கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்ற நூலில் எள்ளலோடு பாடினார். சமுதாயத்தாரின் நீண்ட முயற்சிக்குப் பின் கொல்லம் 1101இல், அதாவது 1926ஆம் ஆண்டில், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறியது. பாட்டு மட்டுமே சட்டத்தைக் கொண்டுவந்தது எனல் மிகையாகும். ஆனால் மன்றம் பேசத் தயங்கிய வீட்டுத் துயரை மன்றத்தின் காதில் போட்டவற்றுள் அப்பாட்டும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

ஆகஸ்ட் 11

மன்றத்தில் யார் பேசலாம் என்ற கேள்வியோடு எம்மொழியில் பேசலாம் என்ற கேள்வியும் சேர்ந்தபோது நம் ஊர் வரலாற்றில் இடம்பெற்றது. திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்களிலும் அரசு அலுவல்கள் பெரிதும் மலையாளத்திலேயே நடந்தன. மனு எழுதுவதற்கே ஒருவரை நாட வேண்டியவன், தன் குறையைத் தானே சொல்லும் உரிமையைப் பாதி இழந்துவிடுகிறான். 1945ஆம் ஆண்டில் நாகர்கோயிலில் தோன்றி, பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் எனப் பெயர்பெற்று, ஏ. நேசமணி தலைமையில் வளர்ந்த இயக்கத்தின் வேர் இந்த எளிய துன்பத்தில்தான் இருந்தது.

1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாளை அவ்வியக்கம் விடுதலை நாளாக அறிவித்தது. தொடுவெட்டி என வழங்கிய மார்த்தாண்டத்திலும் நம் புதுக்கடையிலும் கூடிய மக்கள்மீது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலக் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. உயிர்கள் பலியாயின. அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை. மக்கள்மீது சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என அக்கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே வலியுறுத்தினார். அவ்வழக்கு அகில இந்தியக் கட்சி ஒன்றைப் பிளக்கும் அளவுக்கு வளர்ந்தது. நம் கடைத்தெருவில் வெடித்த துப்பாக்கியின் ஓசை டில்லிவரை கேட்டது எனலாம்.

1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் தன் அறிக்கையைத் தந்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தில் சேர்ந்தன. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 11இல் நாம் தியாகிகளுக்கு மலர் தூவுகிறோம். அவர்கள் உயிர் ஈந்தது நம் மொழியில் நம் குறையை நாமே சொல்லி, அதை நம் மொழியிலேயே பதியச் செய்வதற்காக. அவ்வுரிமையை நாம் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்ற கேள்வியும் அம்மலரோடு சேர்ந்தே வைக்கப்பட வேண்டும்.

அவ்வுரிமை நமக்கு மட்டும் உரியதன்று என்பதையும் மறத்தலாகாது. நம் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் வாழ்கின்றனர். மலையாள வழிப் பள்ளிகளும் உள்ளன. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் 2016இல் பத்தாம் வகுப்புத் தேர்வை எட்டியபோது, மொழிச் சிறுபான்மை மாணவர் தங்கள் இடர்ப்பாட்டை நீதிமன்றத்தில் முறையிட்டு விலக்குப் பெற்றனர். நான் தமிழ் கற்பித்து வாழ்பவள். எல்லோரும் தமிழ் கற்க வேண்டும் என்பதே என் விருப்பம். எனினும் 1954இல் நாம் எந்த இடத்தில் நின்றோமோ, அந்த இடத்தில் நிற்கும் ஒரு குழந்தையின் மனுவைப் பொறுமையோடு படிக்க நம்மைவிடத் தகுதியுடையவர் யார்?

இணைந்த பின்னர்

1958ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. நம் பகுதிக்கு அமைந்த ஒன்றியத்தின் பெயர் முன்சிறை. மன்னனிடம் மாற்று நிலம் பெற்ற அச்சபையின் பெயர் ஓர் அரசு அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் மீண்டும் வந்து அமர்ந்தது. ஆனால் பள்ளி இச்சபையின் கையில் இல்லை. தமிழகத்தின் பிற மாவட்டங்களில் தொடக்கப்பள்ளிகளை ஒன்றியங்கள் நடத்தின. அவற்றின் ஆசிரியர்கள் 1981இல் அரசு ஊழியர் ஆயினர். நம் மாவட்டத்திலோ திருவிதாங்கூர்க் காலம் தொட்டே பள்ளிகளைப் பெரிதும் அரசும் திருச்சபைகளும் நடத்தி வந்தன. கல்வியில் முன்னின்ற மாவட்டம் என்ற பெருமை நமக்கு உண்டு. ஊரவர் கூடிப் பள்ளியைப் பேணும் பழக்கம் அந்த அளவுக்கு வளரவில்லை.

ஊர்மன்றங்களும் இடையறாது இயங்கவில்லை. 1970க்குப் பின் ஊராட்சித் தேர்தல் 1986இல்தான் நடந்தது; அதன்பின் 1996இல். அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கிய பின்னரும், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19இல்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே மன்றமாகவும் இருந்தனர். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல ஒரு வார்டு உறுப்பினர் இல்லாத காலம் அது. அதைப் பற்றி நம் வட்டத்தில் ஒரு கவிதையாவது படிக்கப்பட்டதா என நினைவைத் துழாவிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. என் கட்டுரைகளிலும் இல்லை.

பள்ளியும் ஊரும் மீண்டும் சேரும் வழியை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் திறந்தது. அதன்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். தமிழகத்தில் 2022இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. உள்ளாட்சி மன்றங்களிலும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் மகளிர்க்குச் சரிபாதி இடம் கிடைத்தது. செப்பேட்டில் தடைவிதியாக மட்டும் வந்த பெண், சட்டப்படி அவையின் பாதியாக அமரும் காலம் வந்துவிட்டது.

எழுதப்படாத கேள்வி

சட்டம் இருக்கை தரும். சொல்லை ஏட்டில் ஏற்றுவது வேறு வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். முப்பது பேர் இருந்திருப்போம், பெரும்பாலோர் தாய்மார். அண்டி ஆபீசில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்த ஒருத்தி எழுந்தாள். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இல்லை என்றும், ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியுள்ளது என்றும், அதனால் தன் மகள் காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லை என்றும் சொன்னாள். அவை சற்று அமைதியாயிற்று. பின்னர் ஆண்டுவிழாப் பற்றிய பேச்சு தொடர்ந்தது.

கூட்டம் முடிந்ததும் பதிவேடு கைக்குக் கை வந்தது. தீர்மானங்கள் முன்னதாகவே எழுதப்பட்டிருந்தன. பொருள்கள் விவாதிக்கப்பட்டு ஒருமனதாக ஏற்கப்பட்டன என்ற வாசகம் அழகிய கையெழுத்தில் இருந்தது. நான் கையொப்பமிட்டேன். அடுத்து அப்பெண்ணின் முறை வந்தது. அவள் பேனாவைப் பிடித்தபடி என்னிடம் கேட்டாள்:

“டீச்சரே, நான் சொன்ன காரியம் இதுல எங்க எழுதியிருக்கு?”

முனைவர் பட்டம் பெற்ற எனக்கு மறுமொழி இல்லை. கல்வெட்டில் சிதைந்த எழுத்தை ஊகித்துப் படிக்கப் பயின்றவள் நான். என் கண்முன் நடந்த கூட்டத்தில் விடுபட்ட சொல்லை அவள்தான் கண்டாள். அந்தப் பக்கத்தின் அடியில் வெற்றிடம் இருந்தது. அவள் சொல்லச் சொல்ல, அவள் சொன்னபடியே அதில் எழுதினேன். கொண்டி என்ற சொல்லைத் தாழ்ப்பாள் என்று மாற்றவும் மனம் வரவில்லை. யாரும் தடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுத வேண்டும் என்று அதுவரை யாருக்கும் தோன்றாமல் இருந்ததே குறை. அடுத்த கூட்டத்தில், சென்ற கூட்டப் பொருள் என அது வாசிக்கப்பட்டது. வாசிக்கப்பட்ட பின் அதற்கு விடை சொல்லும் கடமை பிறந்தது. கதவுக்குக் கொண்டியும் வந்தது.

வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள்

இக்கட்டுரையில் கண்ட கூட்டங்கள் யாவும் எழுத்தால் வாழ்பவை. செப்பேடு எழுதப்பட்டதால் மிஞ்சிறைச் சபையை அறிகிறோம். ஓலை எழுதப்பட்டதால் நாஞ்சில் நாட்டார் கூட்டத்தை அறிகிறோம். பிரஜா சபையின் நடவடிக்கை அச்சேறியதால் அங்கு எழுந்த குரல்களை அறிகிறோம். இன்றைய ஊர்க் கூட்டத்தை நூறாண்டுக்குப் பின் ஒருவர் தேடினால், ஒருமனதாக என்ற ஒரு சொல்லே மிஞ்சும் நிலை வருதல் கூடாது. உத்திரமேரூரார் கணக்குக் காட்டாதவனை வாரியத்திற்குத் தகுதியற்றவன் என்றனர். கேட்ட கேள்வியைப் பதியாத ஏடும் கணக்குக் காட்டாத ஏடே.

கிராம ஊராட்சிகளுக்குக் கிராம சபை உண்டு. பேரூராட்சியில் வாழும் நமக்கு அது இல்லை. நகர்ப்புற மக்கள் கூடுவதற்கான பகுதிச் சபை விதிகள் தமிழகத்தில் 2022இல்தான் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு முதல் நவம்பர் 1 உள்ளாட்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே. இந்தப் பொருத்தம் தற்செயலாக வாய்த்திருக்கலாம். அதை நமக்கு உரியதாக ஆக்கிக்கொள்வதில் தவறில்லை.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஆண்டில் ஒரு மாதமேனும் நம் உறுப்பினர் இருவர் இருவராகப் பள்ளிக் கூட்டங்களுக்கும் ஊர்க் கூட்டங்களுக்கும் செல்லட்டும். பேச வேண்டியதில்லை; பேசுவோர் அங்கு இருக்கிறார்கள். பேசியதை அவர்கள் சொல்லிலேயே எழுத உதவட்டும். பழைய பதிவேடுகளைக் கரையான் தின்னுமுன் படியெடுத்து வைக்கட்டும். கவிதைக்கு இதனால் என்ன பயன் எனக் கேட்பீர்களாயின், கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சிறுமியை எண்ணிப் பாருங்கள். அவளைப் பாட நம்மில் பலரால் இயலும். முதலில் அவள் தாய் சொன்னதை ஏட்டில் ஏற்றுவோம்.